காலை ரீஸ்டார்ட்

கம்ப்யூட்டரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கத் தெரிந்துவிட்டால் போதும், சிலர் மெமரியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஓர் ஆபீஸில்தான் நான் இரண்டரை வருடம் குப்பை கொட்டினேன்.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், பைக் ஷோரூமுக்கு மேலே இரண்டாவது மாடி. துபாயில் ஒரு லாரி கம்பெனிக்காக இரண்டு ஜாவா ப்ரோக்ராம் எழுதி, எங்கள் சர்வரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். லாரி கிடங்குக்கு வருவதையும் போவதையும் பதிகிற ப்ரோக்ராம் தோத்தாத்ரியுடையது. எந்த லாரியை எந்த வழியில் அனுப்புவது என்று சொல்கிற ப்ரோக்ராம் என்னுடையது. இரண்டையும் சோதித்துப் பார்க்க கிருபா என்று ஒரு பையன், பொழிச்சலூர்க்காரன். எங்கள் மூன்று பேருக்கும் மேலே மேனேஜர் வைத்தீஸ்வரன் சார்.

தோத்தாத்ரிக்கு இருபத்தாறு வயது. இங்கிலீஷ் பேசினால் துபாய்க்காரன் போனை வைக்க மனசில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பான். எனக்கு முப்பத்துநாலு. ஸஹானா பிறந்த பிறகு நாலு வருடம் வீட்டில் கிடந்துவிட்டு, புதிதாகப் படித்து, இன்டர்வியூக்களில் "நடுவுல இந்த கேப் ஏன்?" என்று கேட்டவனுக்கெல்லாம் பல்லைக் காட்டி வேலைக்கு வந்தவள். பெயர் சாமுண்டீஸ்வரி. பெயருக்கேற்ற கோபம் என்று ஆபீஸில் சொல்வார்கள். பெயர் என்ன செய்யும் பாவம்? கோபம் வரவழைத்தது அவர்கள்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முதலில் வருகிறவர், வாசல் தெளிப்பது மாதிரி, சர்வருக்கு ஒரு ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். பீர்க்கன்கரணையிலிருந்து ஷேர் ஆட்டோவில் தாம்பரம், அங்கிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் ஒரே ஸ்டேஷன் என்பதால் முதலில் வருவது எப்போதும் நான்தான். ரீஸ்டார்ட் என்றால் தோத்தாத்ரியின் ப்ரோக்ராமை நிறுத்தி மறுபடியும் ஓட விடுவது. என்னுடையதைத் தொட மாட்டேன். மார்ச் மாதம் ஏற்றியதிலிருந்து அது ஒரு முறைகூட விழாமல் ஓடிக்கொண்டிருந்தது. உங்களுடையதற்கு மட்டும் எதற்கு இது என்று தோத்தாத்ரியை ஒரு தடவை கேட்டேன்.

"சும்மா ஒரு ஹெல்த்துக்குத்தான் மேடம். காலைல மூஞ்சி கழுவிக்கிறதில்லையா, அந்த மாதிரி" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகூட முறை வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் வந்து அந்த மூஞ்சியைக் கழுவிவிட்டுப் போவோம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வைத்தீஸ்வரன் சார் சர்வர் ரூமுக்குள் போவார். டாஸ்க் மேனேஜரைத் திறப்பார். எந்த ப்ரோக்ராம் மெஷினில் எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று அது காட்டும் இரண்டு எண்களை எக்ஸெல்லில் போட்டு துபாய்க்கு அனுப்புவார். தோத்தாத்ரியுடையது நூற்றெண்பது எம்பி. என்னுடையது ஒரு ஜிபிக்கு மேல். வாராவாரம் இதே கதை. அவனுடையது அப்போதுதான் என் கையால் ரீஸ்டார்ட் ஆகி வந்து நிற்கிறது, என்னுடையது மார்ச்சிலிருந்து நிற்காமல் ஓடுகிறது என்பதற்கெல்லாம் எக்ஸெல்லில் இடமில்லை. குளித்துவிட்டு வந்தவனையும் நாளெல்லாம் வெயிலில் நின்றவளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யார் சுத்தம் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

முதலில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு அமெரிக்காவில் பாங்குகள் வரிசையாகக் கவிழ்கிற செய்தி பேப்பரில் வர ஆரம்பித்தது. செப்டம்பர் கடைசியில் சார் எங்களை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"க்ளையன்ட் பட்ஜெட்டைக் குறைக்கிறான். டீம்ல ஒருத்தரை ரிலீஸ் பண்ணச் சொல்றான். தீபாவளிக்கு முன்னாடி முடிவு பண்ணியாகணும்."

ரிலீஸ். ஜெயிலிலிருந்து விடுதலை செய்கிற மாதிரி.

"எதை வச்சு சார் முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அவன் மெமரி ரிப்போர்ட்டைத்தான்மா கேட்கறான். இந்த ஒரு ஜிபி யாரோடது, இதுக்காக இன்னொரு மெஷின் வாங்கணுமான்னு போன வாரமே கேட்டான். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

என் புருஷன் அச்சுதன் நான் வேலைக்குக் கிளம்பும்போதே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "இந்த ஒரு வேலைதான். இது போச்சுன்னா இன்னொண்ணு தேடிக்கிட்டு அலையக் கூடாது. ஸஹானாவைப் பார்த்துக்கிட்டு வீட்டுல இரு" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியிருக்காவிட்டால் அந்த வாசற்படியையே தாண்டியிருக்க முடியாது. அவர் கெட்டவர் இல்லை. தனியார் ஸ்கூலில் கணக்கு வாத்தியார். ஆனால் பேசிய பேச்சு என்றால் பேசிய பேச்சுதான் அவருக்கு. இந்த ஆபீஸ் என்னை வெளியே அனுப்பினால் நான் இன்னொரு ஆபீஸுக்குப் போகப்போவதில்லை. அடுப்படிக்குப் போய்விடுவேன், மொத்தமாக.

அதனால் மறுநாள், தோத்தாத்ரியும் இருக்கும்போதே, சார் முன்னால் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த பொறுமையையெல்லாம் திரட்டி விளக்கினேன்.

"சார், ஜாவால நாம எதையும் தூக்கிப் போட வேண்டாம். உள்ளேயே குப்பை அள்றவன் ஒருத்தன் சுத்திக்கிட்டு இருப்பான். யாருமே கைல பிடிச்சுக்கிட்டு இல்லாத பொருளை அவன் அள்ளிப் போட்டுடுவான். ஆனா அள்ளிக் காலி பண்ண இடத்தை மெஷினுக்குத் திருப்பிக் குடுக்க மாட்டான், அடுத்த வேளைக்கு வேணும்னு வச்சுக்குவான். டாஸ்க் மேனேஜர் காட்டுறது அந்த மொத்த இடத்தை. உள்ள எவ்வளவு நிஜமா உபயோகத்துல இருக்குன்னு அதுக்குத் தெரியாது."

"புரியற மாதிரி சொல்லும்மா."

"கல்யாண மண்டபம் சார். முகூர்த்தத்துக்கு ஆயிரம் பேர் வருவாங்கன்னு பெரிய மண்டபமா பிடிக்கிறோம். சாயங்காலம் போய்ப் பார்த்தா அம்பது பேர்தான் இருப்பாங்க. மண்டபம் பெரிசுங்கறதுக்காக ஆயிரம் பேர் உள்ள இருக்காங்கன்னு சொல்லுவீங்களா? என் ப்ரோக்ராம் விடியக்காலைல அன்னைய லாரி எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சுல வழி போடுது. அப்ப அதுக்கு இடம் வேணும். முடிஞ்சதும் எல்லாம் காலி. மண்டபம் மட்டும் நிக்குது."

ப்ரிண்ட் எடுத்து வைத்திருந்த இரண்டு படங்களை மேஜையில் விரித்தேன். ஒன்று என் ப்ரோக்ராமின் உள்ளே இருக்கிற மெமரி. ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி இறங்கும். ஒவ்வொரு முறை குப்பை அள்ளிய பிறகும் அதே அடிமட்டத்துக்கு வந்துவிடும். மார்ச்சில் எந்த மட்டமோ செப்டம்பரிலும் அதே மட்டம். இன்னொன்று தோத்தாத்ரியுடையது, ஒரே ஒரு நாளைக்கு. அதுவும் ஏறி இறங்கியது. ஆனால் இறங்கி நிற்கிற இடம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே. மாடிப்படி ஏறுகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

"இதைத்தான் சார் பார்க்கணும். அள்ளின அப்புறம் என்ன மிச்சம் நிக்குதுன்னு. இவரோடதுல ஏதோ ஒண்ணு பழசையெல்லாம் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. யாராவது பிடிச்சுக்கிட்டிருந்தா அள்றவன் தொடவே மாட்டான். அது வேணுங்கிற பொருளா வேண்டாத பொருளான்னு அவனுக்குத் தெரியாது. தினம் காலைல நான் ரீஸ்டார்ட் பண்றதாலதான் இது வெளிய தெரியல. மூணு நாள் ரீஸ்டார்ட் பண்ணாம விட்டுப் பாருங்க."

பேசும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளாய் அவன் மானத்தை என் கையாலேயே, காலை டீகூடக் குடிக்காமல் வந்து, காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தோத்தாத்ரி சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "மேடம் நிறையப் படிக்கிறாங்க சார்" என்றான். கிண்டல் என்று அவன் முகத்தைப் பார்த்தால் சொல்லவே முடியாது.

சார் படங்களை அடுக்கி என் பக்கமே நகர்த்தினார். "ஓடிக்கிட்டிருக்கற சிஸ்டத்துல மூணு நாள் விளையாட முடியாதும்மா. அவன் துபாய்ல உட்கார்ந்துக்கிட்டுக் கத்துவான். அப்புறம், இந்த கிராஃப் எல்லாம் எனக்கு எதுக்கு? ரிப்போர்ட்ல ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. அதுல போட ஒரே ஒரு நம்பர் குடு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வெளியே வந்து பாத்ரூமில் நின்று நிஜமாகவே அடித்துக்கொண்டேன்.

சாரை அசைக்க என்னால் முடியவில்லை. ஆயுத பூஜை வந்துதான் அசைத்தது.

புதன் ஆயுத பூஜை, வியாழன் விஜயதசமி, இரண்டு நாளும் லீவு. செவ்வாய் சாயங்காலமே ஆபீஸில் பூஜை. சார் ஆபீஸுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்தது அன்று ஒரு நாள்தான். கீபோர்டுகளுக்கு வரிசையாகப் பொட்டு. சர்வருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். மாலையைச் சர்வரின் காற்று போகிற ஓட்டையை மூடித் தொங்கவிட்டிருந்தார்கள், நான்தான் தள்ளிப் போட்டேன். வாட்ச்மேன் வடிவேலு வாசலில் பூசணிக்காயைப் போட்டு உடைத்துவிட்டு, அதில் கிடந்த காசை எல்லோருக்கும் முன்னால் பொறுக்கிக்கொண்டார். கிருபா பொரி, கடலை, ஆப்பிள் துண்டு எல்லாம் காகிதத்தில் கட்டிக்கொண்டிருந்தான்.

எல்லோரும் கேட்கத்தான் கேட்டேன்.

"சார், நாளைக்கும் நாளன்னைக்கும் துபாய்ல வேலை நாள். ரீஸ்டார்ட்டுக்கு நான் வந்துட்டுப் போகட்டுமா? எனக்குப் பக்கம்தான்."

சார் கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாமி படத்தை நான் காலால் தள்ளிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"என்னம்மா பேசற? பூஜை போட்ட மெஷினை விஜயதசமி அன்னைக்கு மறுபூஜை பண்ணி எடுக்கற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. இந்த ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இருக்கற வழக்கம். நான் வியாழக்கிழமை சாயங்காலம் வந்து கற்பூரம் காட்டி எடுக்கறேன். அது வரைக்கும் ஒருத்தரும் கை வைக்க வேண்டாம்."

"போன வருஷம் துபாய் வேலை இல்ல சார். இந்த வருஷம்..."

"சரஸ்வதி பார்த்துப்பா" என்றார்.

தோத்தாத்ரி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தன் ப்ரோக்ராமைப் பற்றி உள்ளூரத் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. தெரிந்திருந்தால் அது எவ்வளவு பெரிய வேண்டுதலாக இருந்திருக்கும்!

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது போன். சார்தான். மூச்சு வாங்கியது அவருக்கு.

"சாமுண்டி, உடனே கிளம்பி வா. லாரி என்ட்ரி நின்னு போச்சு. துபாய்ல கேட் வாசல்ல லாரி வரிசையா நிக்குதாம். ரெண்டு மணி நேரமா கத்தறான். தோத்தாத்ரியும் வரான்."

அச்சுதன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விஜயதசமி அன்னைக்குமா? இதுக்குத்தான் நான் சொல்றது." பாயசம் ஆறிக்கொண்டிருந்தது, போட்டது போட்டபடி கிளம்பிவிட்டேன். சொல்ல வெட்கமில்லை, ஷேர் ஆட்டோவில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துபாயில் லாரிக்காரன் வெயிலில் நிற்கிறான், எனக்கு இங்கே சந்தோஷம்.

கீழே வடிவேலு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "இன்னாமா, லீவு நாள்ல வந்துகினு கீறே? மேல சாரு ஒரே பேஜாரா கீறாரு. கற்பூரம் கீதான்னு என்னாண்ட கேக்குறாரு!"

நிஜம்தான். சர்வர் ரூம் வாசலில் சார் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு நின்றார். பூஜைத் தட்டு இருந்தது, கற்பூரம் இல்லை. மறுபூஜை செய்யாமல் மெஷினைத் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பக்கம் ஸ்பீக்கர் போனில் துபாய்க்காரன் "ஹலோ, ஹலோ" என்று அலறுகிறான். இவர் வடிவேலுவைக் கற்பூரம் வாங்க நாடார் கடைக்கு விரட்டுகிறார். தோத்தாத்ரி வந்து ஓரமாக நின்றுகொண்டான். முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு அந்த ஐந்து நிமிஷம் போதும். கற்பூரமாவது ஒன்றாவது என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். சார் "ஏய் ஏய்" என்றது காதில் விழுந்தது. அவன் ப்ரோக்ராம் இன்னும் சாகவில்லை, இழுத்துக்கொண்டு கிடந்தது. குப்பை அள்ளுகிறவன் உட்காராமல் சுற்றிச் சுற்றி வருகிறான், அள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. எதைத் தொட்டாலும் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு எந்த வேலைக்கும் மெஷினுக்கு நேரமில்லை. ரீஸ்டார்ட் செய்தால் தடயமெல்லாம் போய்விடும். அதனால் அதற்கு முன்னால், மெமரிக்குள் அந்த நிமிஷம் என்னென்ன இருக்கிறது என்பதை அப்படியே ஒரு ஃபைலில் இறக்கிக்கொண்டேன். கற்பூரம் வந்தது. சார் ஆரத்தி காட்டினார். அதற்குப் பிறகு, அவர் மனம் குளிர, ரீஸ்டார்ட் கொடுத்தேன். லாரி நகர ஆரம்பித்தது. துபாய்க்காரன் போனை வைத்தான்.

பிறகு இருவரையும் உட்கார வைத்து ஃபைலைத் திறந்து காட்டினேன். லாரிகள். ஆயிரக்கணக்கில் லாரிகள். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அந்தக் கேட்டைத் தாண்டிய ஒவ்வொரு லாரியும், சரக்கை இறக்கிவிட்டு எந்தப் பாலைவனத்துக்கோ போய்ச் சேர்ந்த லாரியும், உள்ளே வரிசையாக நின்றுகொண்டிருந்தது. 'சமீபத்தில் வந்த லாரிகள்' என்று திரையில் காட்டுவதற்காகத் தோத்தாத்ரி ஒரு பட்டியல் வைத்திருந்தான். வருகிற லாரியை அதில் சேர்ப்பான். போகிற லாரியை எடுக்க மறந்துவிட்டான். அந்தப் பட்டியல் பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் எந்தக் குப்பை அள்ளுகிறவன் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

"ஒரே ஒரு வரி தோத்தாத்ரி. லாரி வெளிய போகும்போது பட்டியல்லேர்ந்து எடுத்துடணும். இங்க" என்று இடத்தையும் காட்டினேன்.

அவன் எட்டிப் பார்த்தான். "ஆமா மேடம்" என்றான், மெதுவாக. அந்த "ஆமா"வை நான் அன்றைக்கே எழுதி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

சார் என் தலைக்கு மேலே இருந்த சரஸ்வதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "நல்ல வேளை நீ வந்தே" என்றார். நான் முட்டாள். வீட்டுக்குப் போய் ஆறின பாயசத்தை இரண்டு டம்ளர் குடித்தேன். என் வேலை நிலைத்துவிட்டது என்று அச்சுதனிடம் வாய்விட்டுச் சொன்னேன். ஸஹானாவைத் தூக்கிச் சுற்றினேன்.

திங்கட்கிழமை மீட்டிங். தோத்தாத்ரிதான் ப்ரொஜெக்டரில் போட்டுக் காட்டினான், துபாய்க்கு அனுப்ப வேண்டிய விளக்கம். என்ன நடந்தது: லாரி என்ட்ரி நின்றது. காரணம்: தினசரி காலை ரீஸ்டார்ட் இரண்டு நாட்கள் செய்யப்படவில்லை. ரீஸ்டார்ட் பொறுப்பு: சாமுண்டீஸ்வரி.

சுவரில் என் பெயர் பெரிதாகத் தெரிந்தது. முதலில் எனக்கு அர்த்தமே ஆகவில்லை. அப்புறம் ஆனது.

"அடப்பாவிகளா!" என்றேன். மீட்டிங் ரூமில் அந்த வார்த்தையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "அந்தப் பட்டியல் எங்க? அந்த ஒரு வரி எங்க? வியாழக்கிழமை ஆமான்னு சொன்னியே, இந்த வாய்தானே?"

"அது இம்ப்ரூவ்மென்ட் மேடம். ப்ரோக்ராமோட அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாம். காரணம்னு பார்த்தா, ரீஸ்டார்ட் நடந்திருந்தா இது நடந்திருக்காது இல்லையா?" என்றான். வாயில் வெல்லம்.

சார் பக்கம் திரும்பினேன். "சார், நான் வரட்டுமான்னு கேட்டேன். கற்பூரத் தட்டைக் கைல வச்சுக்கிட்டு நீங்கதான் வேண்டாம்னீங்க."

"மெஷினைத் தொடக் கூடாதுன்னுதான் சொன்னேன். அது பூஜை விஷயம், இது ப்ராசஸ். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. வீட்டிலேர்ந்தே நெட் வழியா ரீஸ்டார்ட் பண்ணியிருக்கலாமே? மெஷின்ல கை வைக்காம?"

எங்கள் வீட்டில் நெட் கிடையாது. இருந்திருந்தாலும், சரஸ்வதிக்குத் தெரியாமல் வயர் வழியாகப் போய்த் தொடலாம் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் வெளியே விடவில்லை.

"கிருபா, நீ அங்கதானே இருந்தே? நான் கேட்டேனா இல்லையா? சொல்லுடா."

கிருபா தன் விரல் நகத்தைப் பார்த்தான். மூன்று பேரில் ஒருவர் போக வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். பொழிச்சலூரில் அவனுக்கும் ஒரு வீடு இருக்கிறது, அதில் அவனை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள்.

"நான் அப்ப பொரி கட்டிக்கிட்டு இருந்தேன்க்கா. சரியா கவனிக்கல."

நான் அந்த நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் அது விழுந்துவிட்டது. "நல்லா இருங்கடா" என்றேன். இரண்டு வாரம் கழித்து, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸும் ரிலீஸ் லெட்டரும் ஒன்றாகக் கொடுத்தார்கள். உங்கள் ப்ரோக்ராம் அதிக மெமரி எடுக்கிறது, அதோடு ஒரு ப்ராசஸ் தவறு என்று சார் வாயால் விளக்கம் சொன்னார். ஸ்வீட் பாக்ஸை வடிவேலுவிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். "இன்னாமா இது, நம்ம ஊட்டுக்கா?" என்று சந்தோஷப்பட்டார். ஒருத்தராவது சந்தோஷப்படட்டும்.

அச்சுதன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். "சரி விடு, பேசினபடி" என்றார், அவ்வளவுதான். ஒரு தரம் எதிர்த்துப் பேசிப் பார்த்தேன். இரண்டு கம்பெனிக்கு அவருக்குத் தெரியாமல் எழுதியும் போட்டேன். அந்த வருடம் எல்லா இடத்திலும் ஆளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள், நாலு வருட கேப் உள்ளவளை எவன் உள்ளே கூப்பிடுவான்? மாமியார் வந்திருந்தபோது அச்சுதன் அவரிடம், "இப்பதான் வீடு வீடா இருக்கும்மா. ஹோட்டல் சாப்பாடு இல்ல, ஸஹானாவுக்கு ட்யூஷன் இல்ல, காலைல சண்டை இல்ல" என்று சொன்னது அடுப்படியில் எனக்குக் கேட்டது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கோடையில் ஒரு நாள் தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, ஸ்டேஷன் பாலத்தின் மேல் ஏறி மேற்குப் பக்கம் வந்தபோது எதிரே கிருபா. என்னைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நின்றான். அப்புறம் வந்தான். முகம் ஒரு மாதிரி கறுத்திருந்தது.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? நான் அன்னைக்கு..."

"அது கெடக்கட்டும். ஆபீஸ் எப்படி ஓடுது? அந்த ஒரு வரியைப் போட்டானா?"

"இல்லக்கா. கோட்ல கை வச்சா ரிஸ்க்குன்னு சார் சொல்லிட்டார். தோத்தாத்ரி வேற ஒண்ணு பண்ணிட்டான். தினம் காலைல ஆறரைக்கு ஆள் இல்லாம தானாவே ரீஸ்டார்ட் ஆகிற மாதிரி செட் பண்ணிட்டான். ஆயுத பூஜையா இருந்தாக்கூட. அதுக்கு அவனுக்கு அவார்டு குடுத்தாங்க."

"சந்தோஷம்."

அவன் சொல்லலாமா வேண்டாமா என்று பையின் வாரை முறுக்கினான். மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத பையன், சொல்லிவிட்டான்.

"அதுல உங்க ப்ரோக்ராமையும் சேர்த்துட்டாங்கக்கா. ரெண்டும் ரீஸ்டார்ட் ஆகுது. இப்ப பத்து மணி ரிப்போர்ட்ல உங்களோடது நூத்தி இருபதுதான் காட்டுது. துபாய்லேர்ந்து அவங்க நேர்ல வந்திருந்தப்ப சார் ஒரு ஸ்லைடு போட்டார். ஒரு ஜிபிலேர்ந்து நூத்தி இருபதுக்கு இறங்குற மாதிரி கோடு. கோடு இறங்குற இடத்துல அம்புக்குறி போட்டு, டீம் மாத்தினதுக்கு அப்புறம்னு எழுதியிருந்தாங்க. எல்லாரும் கைதட்டினாங்கக்கா."

"நீயும் தட்டினியா?"

கீழே பீச்சுக்குப் போகிற ட்ரெயின் வந்து நின்றது, அதைப் பிடிக்கப் படியில் ஜனம் இடித்துக்கொண்டு இறங்கியது. என் பையிலிருந்து ஒரு முருங்கைக்காய் கீழே விழுந்தது. கிருபா குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

"வருத்தப்படாதீங்கக்கா. உங்க ப்ரோக்ராம் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"ஓடலடா" என்றேன். பாலத்தில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. "ஏழு மாசம் விழாம ஓடிச்சு அது. இப்ப தினம் காலைல அதைக் கொல்றீங்க. கொன்னுட்டு, பாரு எவ்வளவு கம்மியா சாப்பிடுதுன்னு கைதட்டுறீங்க."